இதுக்குள்ள எழுதுங்க டாக்டரம்மா

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றியவை. நோய் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்கக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் தைராய்டையும் முடி கொட்டுவதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். வழக்கம்போலப் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தஞ்சாவூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள். இதய நிபுணரோ புற்றுநோய் நிபுணரோ இல்லை. இங்கே படித்ததை வைத்து உங்கள் டாக்டரிடம் கேள்வி கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சை அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆஞ்சியோ எடுக்கும்போது நடுவிலேயே எங்களைக் கூப்பிட்டு, "ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். 2 லட்சத்து 40 ஆயிரம். அவ்வளவு பணம் அப்போது கையில் இல்லாததால் வெளியே வந்துவிட்டோம். அப்பாவின் உயிரோடு விளையாடுகிறோமோ என்று தூக்கம் வரவில்லை. அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: முதலில் தூங்குங்கள் தம்பி. நீங்கள் விளையாடவில்லை.

மாரடைப்பும் நடக்கும்போது மட்டும் வரும் நெஞ்சடைப்பும் வேறு வேறு. மாரடைப்பு என்றால் குழாய் திடீரென்று மொத்தமாக அடைத்துக்கொண்டு, இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அப்போது அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் உயிரைக் காப்பாற்றும். அந்த நேரத்தில் விலை கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, நகையை வைத்தாவது செய்ய வேண்டியதுதான். உங்கள் அப்பாவுக்கு இருப்பது இரண்டாவது வகை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. உழைக்கும்போது வரும், ஓய்ந்தால் போகும், மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கும்.

இந்த இரண்டாவது வகையில் ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பெரிய ஆய்வுகளே நடந்திருக்கின்றன. 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர். சரியான மாத்திரைகள் மட்டும் பாதிப் பேருக்கு, மாத்திரையோடு ஸ்டென்ட் மீதிப் பேருக்கு. மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் இல்லை. இதய நிபுணர்கள் பலர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "லேசான அடைப்புக்காரர்களைச் சேர்த்திருப்பீர்கள்" என்றார்கள். சரி என்று, மிதமான, கடுமையான ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களாகவே எடுத்து இஸ்கீமியா ஆய்வு நடந்தது. 5,179 பேர், நம் நாட்டு நோயாளிகளும் உண்டு. 2020-ல் முடிவு வெளியானது. சுமார் மூன்று வருடம் பார்த்த வரையில் அதே கதைதான்.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? கிடையாது. நெஞ்சு வலியைக் குறைக்கிறது. அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு நன்றாகவே குறைக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி "அப்பா பிழைப்பாரா" என்பதாக இருக்க வேண்டாம். "மாத்திரை சாப்பிட்ட பிறகும் மீதியிருக்கும் வலி, அப்பாவுக்கு எவ்வளவு தொந்தரவு?" என்று கேளுங்கள். அவர் மூட்டை தூக்குகிறவர் என்றால் ஒரு பதில், திண்ணையில் பேப்பர் படிக்கிறவர் என்றால் வேறு பதில். அதைச் சொல்ல வேண்டியவர் அப்பா. கடிதத்தில் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள், அவர் மட்டும் பேசவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் உடனே பார்த்துவிடுங்கள். அடைப்பு இடப்பக்கத் தாய்க் குழாயிலா, இதயம் பம்ப் செய்யும் திறன் ரொம்பக் குறைந்திருக்கிறதா. இந்த இரண்டு வகையினரும் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அவர்களுக்கு நான் சொன்ன கணக்குப் பொருந்தாது. ஆஞ்சியோ சிடியையும் எக்கோ ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள், அவை உங்களுடையவை. ஆஞ்சியோவோடு சம்பந்தப்படாத வேறொரு இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை என்று அவர் எழுதித் தருவது பெரும்பாலும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. ஓய்விலேயே வலி வந்தாலோ, முன்பைவிடச் சீக்கிரம் சீக்கிரம் வந்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற சாமான். நடுவில் ஒருமுறை சற்று இறங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2025-ல் சுமார் 39 ஆயிரம். 2 லட்சத்து 40 ஆயிரத்தில் மீதி எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்கும் வழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, இரண்டு கண்ணிலும் புரை. சாதாரண லென்ஸ் போதுமா, 60 ஆயிரம் ரூபாய் மல்டிஃபோகல் வைக்க வேண்டுமா? விலை குறைந்ததை வைத்தால் அம்மாவுக்குக் குறை வைத்ததுபோல இருக்கிறது.
— வாசகி, நிலக்கோட்டை

பதில்: நிலக்கோட்டையில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, மதுரை பக்கத்தில்தானே இருக்கிறது! 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் 1992-ல் ஆரோலேப் என்று மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்காக இறங்கியது. அந்த லென்ஸ்தான் உலகம் முழுக்கப் போகிறது.

சாதாரண லென்ஸில் தூரப் பார்வை தெளிவாக இருக்கும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகலில் கண்ணாடியின் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவதாகச் சிலர் சொல்கிறார்கள். என் மாமியாருக்குச் சாதாரண லென்ஸ்தான் வைத்தோம். இருபது வருடமாக மூக்கில் கண்ணாடி போட்டே பழகியவர். கண்ணாடியைக் கழற்றச் சொன்னால்தான் அவருக்குக் குறை. உங்கள் அம்மா பூக்கட்டுகிறவரா, கண்ணாடி அவருக்கு இடைஞ்சலா? ஆமாம் என்றால் யோசியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் இரண்டு கண்ணையும் தள்ளிப்போடாமல் முடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, லேத் பட்டறையில் வேலை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை தஞ்சாவூரில் டயாலிசிஸ், முதல்வர் காப்பீட்டில் இலவசம். மாமியார் கிட்னி தர முன்வருகிறார். ஆனால் உறவினர்கள், "இலவசமாக ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு எதற்கு ஆபரேஷன், அப்புறம் வாழ்நாள் முழுக்க மாத்திரை" என்கிறார்கள். வேன் வாடகை ஒரு முறைக்கு 700 ரூபாய். அன்றைய கூலி 800 போய்விடுகிறது.
— வாசகி, அறந்தாங்கி

பதில்: வாரம் இரண்டு என்றால் வருடத்துக்கு 104 முறை. வேனுக்கு 72,800, போன கூலி 83,200. ஆக, உங்கள் இலவச டயாலிசிஸின் விலை வருடத்துக்கு 1 லட்சத்து 56 ஆயிரம் ரூபாய். அந்த உறவினர்களிடம் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

அது பணக் கணக்கு. உடம்புக் கணக்கு இன்னும் தெளிவானது. இந்த வயதில், வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு, டயாலிசிஸைவிட மாற்று அறுவை சிகிச்சையில் ஆயுள் கூடும் என்பதில் மருத்துவ உலகில் சண்டையே இல்லை. டயாலிசிஸ் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கழுவுகிறது, புதுச் சிறுநீரகம் ராத்திரி பகலாகக் கழுவுகிறது. போதாதற்கு, வாரம் மூன்று முறை தேவைப்படுகிறவர்களே இங்கே பெரும்பாலும் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பஸ் காசுதான் காரணம். தண்ணீரை அளந்து குடிப்பது, உப்பைப் பார்த்துப் பயப்படுவது, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது, இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை முதல்வர் காப்பீட்டிலேயே வரும். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். உறவினர்கள் சொன்ன மாத்திரை விஷயம் உண்மை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட் போன்றவற்றை நிறுத்தவே முடியாது, காசில்லை என்று ஒரு வாரம் விட்டாலும் வைத்த சிறுநீரகம் போய்விடலாம். அதனால் சேரும் நாளிலேயே, "மாத்திரை மாதா மாதம் எங்கே, எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாரில் செய்துகொள்வதாக இருந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். முதல் வருடச் செலவுக்கு நிலத்தை விற்றுவிட்டு, இரண்டாம் வருட மாத்திரைக்கு ஒன்றும் இல்லாமல் நின்றவர்களை என் வார்டில் பார்த்திருக்கிறேன்.

மாமியாரின் உடம்பை முழுதாகச் சோதிப்பார்கள். சர்க்கரை இருந்தால் வேண்டாம் என்பார்கள். ரத்த வகை சேரவில்லை என்றால், அதேபோலத் தவிக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயரையும் பதிந்து வையுங்கள். யாராவது "விலைக்கு ஏற்பாடு செய்கிறேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதில் காத்திருப்பதுதான் செலவு.

கேள்வி: ஒரு லேபில் 4,999 ரூபாய்க்கு 87 டெஸ்ட். வருடா வருடம் குடும்பத்தோடு எடுக்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: 87 டெஸ்ட் எடுத்தால் ஏதாவது நாலு, கோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கத்தான் செய்யும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு. நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொத்தாம்பொதுவாகச் செய்யும் பரிசோதனைகள் மரணத்தைக் குறைக்கவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப் பரிசோதனை. இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 4,999-க்கு நல்ல செருப்பு வாங்கி தினமும் நடங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு) இரண்டும் முடிந்து ஒன்பது மாதத்தில் கழுத்தில் திரும்பி வந்துவிட்டது. இனி ஆபரேஷன் முடியாதாம். இம்யூனோதெரபி ஊசி போடலாம், மாதம் 3 லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் ஏழெட்டு மாதம் தாங்கும். தங்கை கல்யாணம் நிற்கிறது. மகனாக நான் என்ன செய்ய?
— வாசகர், ராசிபுரம்

பதில்: உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். முதலில் ஒரு தகவல், அப்புறம் என் கதை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, கிட்டத்தட்ட உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். பாதிப் பேருக்கு மூன்று விலை குறைந்த மாத்திரைகள். மீதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம். வழக்கமாகப் போடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருடம் கழித்து, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 100-க்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் போட்டவர்களில் 43 பேர். மருந்தின் அளவு குறைந்தால் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆகவே டாக்டரிடம், "இந்த ஊசியைக் குறைந்த அளவில், மாத்திரைகளோடு சேர்த்துப் போடும் முறை அப்பாவுக்குப் பொருந்துமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். முடிந்தால் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற ஓர் இடத்தில் இரண்டாம் கருத்து வாங்குங்கள். பத்திரத்தை அதுவரை பீரோவிலேயே வையுங்கள்.

அந்த 43 பேரைச் சொல்லும்போது மீதி 57 பேரையும் சொல்ல வேண்டும். நடு ஆளை எடுத்துப் பார்த்தால் ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஆயுள் பத்து மாதமானது. சிலருக்கு நிறைய, பலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. இது நோயை ஒழிக்கும் சிகிச்சை இல்லை என்பது அப்பாவுக்கும் தெரிய வேண்டும்.

இப்போது என் கதை. 1986-ல் என் சித்தப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். குடும்பத்தில் நான்தான் ஒரே டாக்டர், அதுவும் 28 வயதில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில். மன்னார்குடிப் பக்கத்தில் அப்பா தன் பங்கில் ஆறு மா நிலத்தை விற்றார். முன்னணி மருத்துவமனை, வெளிநாட்டு மருந்து. ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாமே" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். சித்தப்பா மொத்தம் பதினோரு வாரம் இருந்தார். அதில் ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில். பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி பார்க்க ஊருக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இந்தச் சுற்று முடியட்டும் சித்தப்பா" என்றேன். நிலம் போனது பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெண்ணெய்த்தாழியைப் பற்றி மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் பேசுவார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அப்பாவிடம் உட்கார்ந்து பேசினீர்களா? மகளின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை என்றால், தேதியை முன்னால் கொண்டுவருவதும் ஒரு சிகிச்சைதான். வலிக்கு மார்ஃபின் மாத்திரை மலிவானது. நோய்த்தணிப்புப் பிரிவில் முறையாகத் தருகிறார்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். "கைவிட்டுவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், வலியில்லாமல் ஒருவரைத் தூங்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று என் முகவரிக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், சர்க்கரை நோயாளி. எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று 60 ரூபாய் பக்கம் விற்றதால் இரண்டு வருடம் முன் நிறுத்திவிட்டேன். இப்போது கடையில் 10 ரூபாய்க்கும் கீழே தருகிறார்கள். தரம் இறங்கிவிட்டதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இறங்கியது காப்புரிமை, சார். 2025 மார்ச்சில் அது முடிந்தது. உடனே நம் நாட்டுக் கம்பெனிகள் பல அதே மருந்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டன. சர்க்கரையைக் குறைப்பதோடு, இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகத்தில் கோளாறு தொடங்கியவர்களுக்கும் நல்ல பாதுகாப்புத் தரும் மருந்து. 60 ரூபாயில் யோசித்துத்தான் எழுதினேன், 10 ரூபாயில் தாராளமாக எழுதுகிறேன். மருந்து மாறவில்லை, என் தீர்ப்பு மாறியிருக்கிறது. ஆனால் நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். நிறுத்தியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன்.

கேள்வி: டாக்டரிடம் "இது எவ்வளவு ஆகும், குறைவாக ஏதாவது உண்டா?" என்று கேட்டால் கேவலமாக நினைப்பாரோ? வாய் வரைக்கும் வருகிறது, கேட்க முடிவதில்லை.
— தையல் வேலை செய்யும் வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: தமிழ்நாடு மருத்துவ சேவைகள் கழகம் 1994-ல் வருவதற்கு முன்னால், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பாதி நாள் கையிருப்பு இருக்காது, வெளியே எழுதிக் கொடுப்போம். அப்படி ஒரு நாள், நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். நெஞ்சுச் சளி, காய்ச்சல். நான் சீட்டில் ஐந்து வரி எழுதி நீட்டினேன். பாட்டி வாங்கவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, மேஜையில் கவிழ்த்து எண்ணினார். 43 ரூபாய். "இதுக்குள்ள எழுதுங்க டாக்டரம்மா, பஸ்ஸுக்கு நாலு ரூபா போவ" என்றார்.

சீட்டைத் திரும்ப வாங்கினேன். டானிக்கை அடித்தேன். வைட்டமினை அடித்தேன். இருமல் மருந்தை அடித்தேன். புதிதாக வந்திருந்த ஆன்டிபயாடிக்கை அடித்து, பழைய அமாக்ஸிசிலின் என்று மாற்றினேன். காய்ச்சல் மாத்திரை மட்டும் அப்படியே இருந்தது. மொத்தம் 20 ரூபாய்க்குள் வந்துவிட்டது. பையனுக்கு இது போதும், குணமாகிவிடும் என்றேன். நான்காம் நாள் காட்ட வந்தபோது நன்றாகவே இருந்தான்.

பாட்டி சில்லறையைப் பையில் போட்டுச் சுருக்கி, சீட்டில் அடித்த கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மொதல்ல ஏன் அதெல்லாம் எழுதுனீங்க?" என்றார்.